பெயர்ப்பலகை எழுத்திலிருந்து ஓர் எழுத்துரு: 47 வரைவுகள், 91 மணி நேரம்

'ஸ்ரீரங்கம்' என்று தட்டினால் ஸ்ரீ உடையாமல் வருகிறது. 'கௌரி'யில் வெற்றுக் கட்டம் விழவில்லை. 'தூத்துக்குடி' அச்சில் ஒன்றோடொன்று இடிக்காமல் நிற்கிறது. இந்த மூன்று சொல்லும் சரியான பிறகுதான் எழுத்துரு 0.9 என்ற எண்ணோடு பொதுவில் வைக்கும் நிலைக்கு வந்தது. கடைப் பலகைகளில் தட்டைத் தூரிகையால் எழுதுவார்களே, அந்தப் பாணியில் தலைப்புக்கும் சுவரொட்டிக்குமான யூனிகோடு எழுத்துரு இது. யாரும் எடுக்கலாம், திருத்தலாம், திருத்தியதை மறுபடி கொடுக்கலாம். செலவு 585 ரூபாய், 91 மணி நேரம். தூரிகை பிடித்த நேரம் அதில் 9 மணிதான்.

தூரிகையும் தாளும்

12 மி.மீ. அகலத் தட்டைத் தூரிகை, நைலான் முடி: 220 ரூபாய். கறுப்பு போஸ்டர் கலர்: 75. ஏ4 கார்ட்ரிட்ஜ் தாள், 130 ஜிஎஸ்எம்: 120. ஸ்கேன், தாளுக்கு 10 ரூபாய் வீதம் 11 தாள்: 110. கடைசியில் சோதனை அச்சு: 60. மென்பொருள் எல்லாம் இலவசம்: கோடு வரைய இங்க்ஸ்கேப், எழுத்துரு கட்ட ஃபான்ட்ஃபோர்ஜ், உருக்களைத் திரையில் அடுக்கும் இயந்திரமான ஹார்ஃபஸ்.

70 ஜிஎஸ்எம் ஜெராக்ஸ் தாளில் எழுதிப் பார்த்தது வீண். தாள் நெளிந்து, ஓரம் பஞ்சுபோல் ஊறிவிடும். கலரை இரண்டு பங்குக்கு ஒரு பங்கு தண்ணீர் என்று கரைத்தால் சரியாக ஓடுகிறது. கெட்டியாக இருந்தால் வளைவின் பாதியில் தூரிகை வறண்டு இழுக்கும். இன்னும் நீர்த்தால் கோட்டின் தொடக்கத்தில் குட்டை கட்டும்.

தூரிகையின் சாய்வு மாறவே கூடாது. தாளுக்கு அடியில் 30 பாகைக் கோடுகள் போட்ட ஒரு தாளை வைத்து, கண்ணாடிக்குக் கீழே எல்இடி விளக்கு வைத்தால் கோடு மேலே தெரியும். அந்தச் சாய்வில் 12 மி.மீ. தூரிகை நின்ற கோட்டை 10.4 மி.மீ. தடிமனிலும், படுத்த கோட்டை 6 மி.மீ. தடிமனிலும் போடும். பலகை எழுத்தின் அழகே இந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது. கை கொஞ்சம் திரும்பினாலும் ப-வின் இரண்டு கால்களும் வேறு வேறு தடிமனில் வந்து காட்டிக்கொடுத்துவிடும்.

முதல் பிழை உயரத்தில். எழுத்து உயரத்தை 48 மி.மீ. என்று எடுத்து அ, ஆ, இ என்று வரிசையாக எழுதிக்கொண்டே போனால் ஒரு குறையும் தெரியவில்லை. ண-வில் வந்து முட்டியது. சுழிகளுக்குள் வெள்ளையே மிஞ்சவில்லை. மூன்று கறுப்பு உருண்டைகள்தான். 66 மி.மீ. உயரத்துக்கு மாற்றியதும் ண, ஞ, ஐ மூன்றும் மூச்சு விட்டன. அதுவரை எழுதிய 4 தாள் குப்பைக்குப் போனது. அகரவரிசையில் தொடங்குவது பழக்கதோஷம். முதலில் எழுதிப் பார்க்க வேண்டியது ண, அடுத்து ஐ, ஞ, ழ, ஜ. இந்த ஐந்தும் நின்றுவிட்டால் மற்றவை தாமாக நிற்கும்.

தமிழுக்கு 247 எழுத்து என்பதால் 247 வரைய வேண்டியதில்லை. எழுத்துருவுக்குத் தேவையான உருக்கள் 89 (எண்களும் நிறுத்தக்குறிகளும் தனி). அதிலும் தூரிகையால் எழுதியவை 47 மட்டும்: உயிரில் 9, மெய்யின் அகரமேறிய வடிவம் 18, கிரந்தம் 5, துணைக்கால் (ா), விலங்கு (ி, ீ), கொம்பு (ெ, ே, ை) வகைகள் 6, உகர வால் 3, ஊகார வால் 4, பிறகு டி, டீ. ஊ, ஏ, ஔ, ஃ, க்ஷ, ஸ்ரீ போன்றவை கணினியில் ஒட்டிச் சேர்த்தவை.

உகர வால் மூன்றே போதுமா என்று கேட்கலாம். எழுதிப் பார்த்தால் புரியும். ஙு, சு, பு, யு, வு ஐந்துக்கும் கோடு நேராகக் கீழே இறங்குகிறது. ஞு, ணு, து, நு, லு, று, னு ஏழுக்கும் கீழே போய் வலப்புறம் ஏறுகிறது. கு, டு, மு, ரு, ழு, ளு ஆறும் அடியில் வளைத்துக்கொண்டு வருகின்றன. ஊகாரத்திலும் இதே மூன்று குடும்பம், கூ மட்டும் தனிக்காட்டு ராஜா. அதனால் நான்கு.

ஸ்கேனிலிருந்து கோடு

600 டிபிஐ, சாம்பல் நிற ஸ்கேன். 66 மி.மீ. எழுத்து ஏறக்குறைய 1,560 பிக்சல் உயரம் வரும், அது தாராளம்.

இங்க்ஸ்கேப்பில் 'ட்ரேஸ் பிட்மேப்' கொடுத்து அப்படியே எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தது இரண்டாவது பிழை. க ஒன்றுக்கு மட்டும், கோட்டின் வடிவத்தைப் பிடித்து நிறுத்தும் புள்ளிகள் 140-க்கு மேல் விழுந்தன. தாளின் நார், தூரிகை முடி, ஸ்கேனரின் தூசி எல்லாவற்றையும் அது நேர்மையாகக் கோடாக்கிவிடுகிறது. திரையில் பார்க்க 'கைவேலை' மாதிரி இருக்கும். 72 பாயின்ட் அளவில் அச்சிட்டால் ரம்பப் பல். புள்ளிகளைக் குறைக்கும் கட்டளை போட்டாலோ வளைவுகள் குழைந்துபோகும். கடைசியில் ஸ்கேனை அடியில் வைத்து, மேல் அடுக்கில் பேனாக் கருவியால் ஒவ்வொன்றாகத் திரும்ப வரைந்ததே தீர்வு. வளைவின் உச்சி, அடி, இடம், வலம் ஆகிய எல்லைகளில் மட்டும் புள்ளி. க இப்போது 26 புள்ளி. கோட்டின் இரண்டு முனையிலும் 30 பாகை வெட்டு அப்படியே இருக்கிறது. முடித் தடங்கள் போயின. இந்த வேலைக்கு 31 மணி நேரம் ஆனது.

ஃபான்ட்ஃபோர்ஜுக்குள் கொண்டுவரும்போது ஒரு பொறி இருக்கிறது. இங்க்ஸ்கேப்பில் சேமித்த எஸ்விஜி கோப்பின் பக்க உயரத்தை அது எழுத்துருவின் முழு உயரத்துக்கு இழுத்துப் பொருத்தும். ஒவ்வொரு எழுத்தையும் அதன் அளவுக்கு வெட்டிச் சேமித்திருந்தால் ட-வும் கூ-வும் ஒரே உயரத்தில் வந்து நிற்கும்! எல்லாக் கோப்பும் 1000 × 1000 பக்கம், அடிக்கோடு கீழிருந்து 200-இல் என்று வைத்துக்கொண்டால் ஒன்றையும் நகர்த்த வேண்டியதில்லை. 66 மி.மீ. உயரம் இங்கே 560 அலகு. நின்ற கோடு 88, படுத்த கோடு 51.

ஒட்டுவேலையில் கவனிக்க வேண்டியது: ஒட்டும் துண்டுகளை நகலாக வைக்காமல் இணைப்பாக வையுங்கள். க-வின் நின்ற கோட்டை 6 அலகு தடிப்பாக்கியபோது, நகலெடுத்து வைத்திருந்த கு, கூ, க்ஷ மூன்றையும் கையால் திருத்த வேண்டி வந்தது. ஔ, ஊ, ஏ எல்லாம் இணைப்பு என்பதால் ஒ, உ, எ-வைத் திருத்தினாலே தானாக மாறிவிடும். எழுத்துருவாக வெளியே எடுக்கும் முன் மட்டும் மேற்பொருந்தும் கோடுகளை இணைத்துவிட வேண்டும். மறந்தால் து, நு போன்றவற்றின் சந்திப்பில் வெள்ளை ஓட்டை விழும்.

ர, கால், ள

பலகை எழுதுபவர்கள் ர-வின் காலைச் சாய்க்காமல் விட்டுவிடுவது உண்டு. சொல்லாக வாசிக்கும்போது தெரியாது. எழுத்துருவில் அது வம்பு. ர-வும் துணைக்காலும் ஒன்றாகிவிட்டால் 'பாரம்' வாசிப்பவரைத் தடுக்கும். அதனால் ர-வுக்குச் சாய்ந்த அடிக்கோடு கட்டாயம். ஆனால் ர், ரி, ரீ மூன்றுக்கும் அந்த அடிக்கோடு இல்லாமல் எழுதுவது பழைய அச்சு வழக்கம். புள்ளியோ விலங்கோ மேலே இருப்பதால் கால் என்று குழம்ப இடமில்லை. எடுப்பாகவும் இருக்கும். அதற்காகக் காலில்லாத ர ஒன்றைத் தனி உருவாக வைத்ததில் உருக்கள் 90 ஆயின.

கொம்புக்கால் விஷயமும் அப்படியே. 'கௌ'வின் கடைசித் துண்டு ள மாதிரியே இருக்கும். ள-வையே அங்கே போட்டால் 'கௌ'வும் 'கெள'வும் கண்ணுக்கு ஒன்றாகிவிடும், தட்டச்சுப் பிழை அச்சு வரை போகும். கொம்புக்காலை ள-வில் 88 சதவீத உயரத்துக்குச் சுருக்கி, தடிமனை மட்டும் பழையபடி ஏற்றிவிட்டால் வேறுபாடு தெரிகிறது.

விதிகள்

உரு வரைந்தது போதாது. எந்த எழுத்துக்குப் பக்கத்தில் எது வந்தால் எந்த உருவைக் காட்டுவது என்று எழுத்துருவுக்குள் விதி எழுத வேண்டும். உகரம் 18, ஊகாரம் 18, டி, டீ 2, க்ஷ 1, ஸ்ரீ 2 (ஸ-வில் தொடங்குவது ஒன்று, ஶ-வில் தொடங்குவது ஒன்று), காலில்லாத ர-வுக்கு 3. ஆக 44 விதி. எந்த மொழி எழுத்துக்கான விதி என்று மென்பொருளுக்குச் சொல்லும் புதிய தமிழ்க் குறி (tml2), பழைய தமிழ்க் குறி (taml) இரண்டின் கீழும் இவற்றைப் பதிய வேண்டும்.

கெ, கே, கை-க்கு விதி எழுதி ஒரு மாலை வீணானது. தட்டும்போது க முதலில், கொம்பு பிறகு. அந்த வரிசையிலேயே விதி எழுதினால் ஒருபோதும் வேலை செய்யாது. ஏனென்றால் உருக்களை அடுக்கும் இயந்திரம் முதலில் கொம்பைத் தூக்கி க-வுக்கு முன்னால் வைத்துவிட்டுத்தான் நம் விதிகளைப் பார்க்க வரும். இந்த வரிசைகளுக்கு விதியே தேவையில்லை என்பதுதான் உண்மை.

'கௌ' கட்டமாக வந்ததற்கும் இதே இயந்திரம்தான் காரணம். கொ, கோ, கௌ ஆகியவற்றின் குறிகளை அது இரண்டாகப் பிரித்து இருபுறமும் வைக்கும். கொ, கோ இரண்டுக்கும் தேவையான கொம்பும் காலும் ஏற்கெனவே இருந்தன. கௌ-வின் வலப்பாதிக்கு யூனிகோடில் தனி இடம் உண்டு. அங்கே உருவே வைக்கவில்லை. ஔகாரக் குறியை முழுதாக வரைந்து அதன் இடத்தில் வைத்திருந்தும் பயனில்லை. கொம்புக்காலை அந்தத் தனி இடத்தில் வைத்ததும் சரி. கூடவே புள்ளிவட்டம் ஒன்றும் வேண்டும். ஒட்ட எழுத்தில்லாமல் தனியாக விலங்கைத் தட்டினால் இயந்திரம் அதைத்தான் தேடும்.

மிகவும் அலைக்கழித்தது ஸ்ரீ. ஸ, புள்ளி, ர, ஈகார விலங்கு என்ற நான்கும் சேர்ந்தால் ஸ்ரீ என்று விதி இருக்கிறது, ஆனாலும் 'ஸ் ரீ' என்று உடைந்தே வந்தது. விதியில் எழுத்துப் பிழை தேடி இரண்டு மணி நேரம். பிழை அங்கே இல்லை. 'ரீ' வந்தால் ர-வின் காலை எடு என்ற விதி மேலே இருந்தது. அது முதலில் ஓடி ர-வை மாற்றிவிட்டது. ஸ்ரீ விதி வந்து பார்க்கும்போது அது தேடும் ர அங்கே இல்லை. ஸ்ரீ விதியை மேலே ஏற்றியதும் ஒரே நொடியில் தீர்ந்தது. விதிகள் மேலிருந்து கீழாகவே ஓடும், பெரிய கூட்டு எப்போதும் மேலே.

விதிகளைப் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை என்பதும் சொல்ல வேண்டியது. நோட்டோ சான்ஸ் தமிழ், கட்டமரன், முக்த மலர், மீரா இனிமை போன்றவை திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன. திறந்து பார்த்தால் அவர்கள் எப்படி வரிசைப்படுத்தியிருக்கிறார்கள் என்று தெரியும். முதலிலேயே பார்த்திருந்தால் இந்தப் பகுதிக்கு ஆன 12 மணி பாதியாகியிருக்கும்.

புள்ளியும் இடைவெளியும்

புள்ளியை எழுத்தின் அகலத்துக்கு நடுவில் வைப்பது கணக்குக்குச் சரி, கண்ணுக்குத் தப்பு. ட-வுக்கு மேலே இருப்பது இடப்பக்கக் கோடு மட்டும். நடுவில் வைத்தால் புள்ளி அந்தரத்தில் தொங்கும். 60 அலகு இடப்புறம் தள்ளினால் உட்காருகிறது. ப், ம், ன் எல்லாம் நடுவிலேயே நன்றாக இருக்கின்றன. புள்ளியின் குறுக்களவை முதலில் 88 என்று கோட்டுத் தடிமனுக்கே வைத்ததில், 14 பாயின்ட் அச்சில் அது மறைந்தேபோனது. 120 ஆக்கியது சரி.

இடைவெளிக்கு 26 மணி நேரம். ப-வின் இருபுறமும் 48 அலகு என்று தொடங்கி, 'பபபகபபப', 'பபபறபபப' என்று ஒவ்வொரு எழுத்தையும் ப-க்களுக்கு நடுவில் வைத்துப் பார்ப்பது எளிய வழி. வட்டமாக முடியும் பக்கங்களுக்கு 26 போதும். ட-வின் வலப்பக்கம் மேலே திறந்து கிடப்பதால் 10-க்கு இறக்கினேன். அப்படியும் 'ட்ட', 'டம்' அகன்றே தெரிந்தன, அவற்றை மட்டும் இணை இணையாக இழுக்க வேண்டியிருந்தது. ஆரம்பத்திலேயே இணைகளை இழுக்கத் தொடங்கினால் முடிவே இராது. முதலில் தனி எழுத்தின் ஓரங்கள், கடைசியில் மிஞ்சும் பத்துப் பதினைந்து இணைகள்.

உயரம் பற்றி ஒரே வரி: ஃபான்ட்ஃபோர்ஜ் தானாகத் தரும் மேல் 800, கீழ் 200 தமிழுக்குப் போதாது. விண்டோஸில் கூ, பூ எல்லாவற்றின் அடியும் வெட்டுப்பட்டது. மேல் 880, கீழ் 340 என்று உயரம் கேட்கும் மூன்று இடங்களிலும் (Win, Typo, HHead) ஒரே மதிப்பைக் கொடுத்து, பக்கத்தில் இருக்கும் 'ஆஃப்செட்' டிக்கை எடுத்துவிட வேண்டும். டிக் இருந்தால் நீங்கள் கொடுத்த 880, ஏற்கெனவே உள்ளதோடு கூட்டப்பட்டு வரிகள் பனைமர உயரத்துக்கு விலகிப்போகும்.

சோதனைக்கு ஒரு பக்கம் தயாரித்து வைத்துக்கொண்டால் ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் ஓட்டிப் பார்க்கலாம்: 247-ம் கட்டமாக, கிரந்த வரிசை, பிறகு ஔவை, கௌரி, பக்ஷி, ஸ்ரீரங்கம், ரீங்காரம், தூத்துக்குடி, திருச்சிராப்பள்ளி, கண்ணூறு. ஙூ-வை யார் தட்டப்போகிறார்கள் என்று தோன்றும். குழந்தைகளின் எழுத்து அட்டவணை அச்சடிப்பவர் தட்டுவார். ஃபயர்ஃபாக்ஸிலும் லிப்ரே ஆபீஸிலும் ஓடிவிட்டால் ஆண்ட்ராய்டிலும் பெரும்பாலும் ஓடும், மூன்றும் ஹார்ஃபஸையே பயன்படுத்துகின்றன. வேர்டில் தனியாகப் பார்க்க வேண்டும்.

உரிமமும் பொதியும்

'வணிகமல்லாத பயன்பாட்டுக்கு மட்டும்' என்று எழுதி வைத்தது இன்னொரு தப்பு. கேட்க நியாயமாகத் தோன்றும் நிபந்தனை. ஆனால் கூலிக்குச் சுவரொட்டி போடுபவர், விலை போட்டு விற்கும் சிற்றிதழ், பலகை எழுதும் கடை எல்லாம் வணிகம்தான். யாருடைய பாணியைப் பார்த்து எழுத்து பிறந்ததோ அவர்களே தொட முடியாது. டெபியன் போன்ற லினக்ஸ் வெளியீடுகளின் முதன்மைத் தொகுப்பிலும் இடம் கிடைக்காது. எஸ்ஐஎல் திறந்த எழுத்துரு உரிமம் 1.1 (2007) இதற்கென்றே எழுதப்பட்டது. எழுத்துருவைத் தனியாக விற்கக் கூடாது, வேறு மென்பொருளோடு சேர்த்து விற்கலாம். திருத்தியதும் இதே உரிமத்தில் இருக்க வேண்டும். இதை வைத்து அச்சிட்ட எதையும் உரிமம் கட்டுப்படுத்தாது. பெயரை ஒதுக்கி வைக்கும் பிரிவை மட்டும் பயன்படுத்தவில்லை. பயன்படுத்தினால், இணையதளத்துக்காக எழுத்துருவைச் சுருக்கினால்கூட அது திருத்திய பதிப்பு என்று எண்ணப்பட்டு வேறு பெயர் வைக்க வேண்டிவரும்.

முதல் பொதியில் கணினியில் நிறுவும் டிடிஎஃப் கோப்பும் உரிமமும் மட்டுமே இருந்தன. வந்த முதல் திருத்தமே பாடம் சொன்னது: டிடிஎஃப்-ஐத் திறந்து ழு-வின் வாலை அழகாகச் சரிசெய்து ஒருவர் அனுப்பினார், அதை மூலத்தோடு இணைக்க வழியில்லை. டிடிஎஃப் ஆகும்போது வளைவின் கணிதமே மாறுகிறது, புள்ளிகள் கூடுகின்றன, இணைப்புத் துண்டுகள் கரைந்து ஒரே கோடாகிவிடுகின்றன. அவர் செய்ததைப் பார்த்து மறுபடி வரைய வேண்டியதாயிற்று. இப்போது பொதியில் இருப்பவை: ஃபான்ட்ஃபோர்ஜின் மூலக் கோப்பு, விதிக் கோப்பு தனியாக, 11 ஸ்கேன் தாள்கள், சோதனைப் பக்கம், உரிமம், யார் எதைச் செய்தார் என்ற பதிவேடு. ஸ்கேன் எதற்கு என்றால், என் கோடு பிடிக்காதவர் தூரிகைத் தடத்திலிருந்தே தொடங்கலாம். ஒரு குறிப்பிட்ட ஓவியரின் கையெழுத்தைப் பார்த்து வரைந்திருந்தால் அவரைக் கேட்டு, பதிவேட்டின் முதல் வரியில் அவர் பெயரைப் போடுவதே மரியாதை.

பொதி கட்டுபவர்களுக்கு இரண்டு சில்லறை விஷயங்கள். எழுத்துருவின் போஸ்ட்ஸ்கிரிப்ட் பெயர் ஆங்கில எழுத்தில், இடைவெளி இல்லாமல் இருக்க வேண்டும். மெனுவில் தெரியும் பெயரைத் தமிழிலும் கொடுக்கலாம். பதிப்பு எண் 0.1-க்கும் குறைவாகக் கூடும் சிறு திருத்தப் பதிப்புகளில் இடைவெளி அளவுகளை மாற்றாதீர்கள். யாரோ பக்கம் கட்டி முடித்த நூலின் வரிகள் எல்லாம் இடம் மாறிவிடும்.

அடுத்து

1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய வடிவங்கள் பழைய பலகைகளில் இன்னும் இருக்கின்றன. அவற்றை விருப்பத் தொகுப்பாகச் சேர்க்கும் வேலை நடக்கிறது. வரைய வேண்டியவை ஏழுதான்: ணா, றா, னா, ணை, லை, ளை, னை. ணொ, ணோ முதலிய ஆறும் இயந்திரம் குறியைப் பிரிப்பதால் தாமாக வந்துவிடும். ணை வகை நான்கிலும் விதியைக் கொம்பு முதலில், எழுத்து பிறகு என்ற வரிசையில் எழுத வேண்டும். யானைத் துதிக்கை போல வளையும் அந்தக் கொம்புக்கு 12 மி.மீ. தூரிகை திரும்பவில்லை. 8 மி.மீ. தூரிகையில் எழுதி, தடிமனை 88-க்கு ஏற்றிப் பார்த்ததில் லை, ளை இரண்டும் நிற்கின்றன. ணை இன்னும் இடிக்கிறது.